பூக்கடைத் தராசுக்கு எந்த டிசி பின்? ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வியாபாரம் சூடுபிடிப்பது பொழுது விடிவதற்கு முன்பே. உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மல்லிகை மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஈரச் சாக்கைப் பிரித்து, தண்ணீர் தெளித்து, தட்டில் கொட்டி, எடை போட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் எலக்ட்ரானிக் தராசு அணைந்துபோனால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்கு நகர்ந்துவிடுவார். முகூர்த்த நாளில் கிலோ இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கும் பூவில் ஐந்து கிராம் என்பது பத்து ரூபாய். கைக் கணக்கில் அள்ளிக் கொடுக்கிற பொருள் அல்ல அது.

இந்தத் தராசுகளைப் பழுது பார்க்க உரிமம் பெற்ற ஒருவர் நகருக்குள் பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் ஒரே வகைப் புகார் திரும்பத் திரும்ப வந்தது. இரவு முழுவதும் சார்ஜ் போட்டார்கள், விளக்கும் எரிந்தது, காலையில் வியாபாரம் பாதியில் இருக்கும்போதே தராசு நின்றுவிட்டது. அவர் பேட்டரியை மாற்றிக் கொடுத்தார். சில மாதங்களில் அதே தராசு அதே புகாரோடு வந்தது. “தம்பி, இது பேட்டரிக் கோளாறு இல்லை. சார்ஜ் உள்ளே போகிற வழியில் ஏதோ இருக்கிறது” என்று என்னைக் கூப்பிட்டார். சிறிய மின்னணுச் சுற்றுகளை வடிவமைப்பது என் தொழில். இணைப்பான்களைப் பற்றி யாரும் இரண்டாம் முறை யோசிப்பதில்லை என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு. அதனால் உடனே போனேன்.

விளக்கு எரிந்தது, பேட்டரி நிறையவில்லை

தராசு சாதாரண மேசைத் தராசு. உள்ளே 6 வோல்ட், 4.5 ஆம்பியர்-மணி மூடிய ஈய-அமில பேட்டரி. வெளியே 9 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர். இரண்டையும் இணைப்பது நாம் எல்லோரும் பார்த்திருக்கிற உருளை வடிவ டிசி பின்: வெளி விட்டம் 5.5 மி.மீ., நடு ஊசியின் விட்டம் 2.1 மி.மீ. இனி அடாப்டர் கம்பியின் முனையில் இருப்பதைப் பிளக் என்றும், கருவியின் முதுகில் இருப்பதை ஜாக் என்றும் சொல்கிறேன்.

பட்டறையில் தராசைத் திறந்து மீட்டரை வைத்தோம். அடாப்டர் சரியாகவே 9 வோல்ட் தந்தது. ஆனால் சார்ஜ் ஓடும்போது ஜாக்கின் உட்பக்கத்தில் 8 வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் இருந்தது. ஒரு வோல்ட்டுக்கு மேல் பிளக்கும் ஜாக்கும் தொடுகிற இடத்திலேயே காணாமல் போயிருந்தது.

அந்த ஒரு வோல்ட் ஏன் பெரிதென்று பார்ப்போம். 6 வோல்ட் ஈய-அமில பேட்டரியில் மூன்று செல்கள். முழுதாக நிறைய ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 2.4 வோல்ட், ஆக 7.2 வோல்ட் வேண்டும். இடையில் டயோடும் (மின்சாரத்தை ஒரே திசையில் விடுவது) ரெகுலேட்டரும் (வோல்ட்டேஜை நிலையாக வைப்பது) தம் பங்கை எடுத்துக்கொள்வதால், இந்தத் தராசின் சார்ஜ் சுற்றுக்கு வாசலில் 8.2 வோல்ட்டாவது வந்தாக வேண்டும். அடாப்டர் தருவது 9. ஆக, வழியில் இழக்கக் கூடியது 0.8 வோல்ட் மட்டுமே. சார்ஜ் ஆகும்போது அரை ஆம்பியர் ஓடும் இந்தப் பாதையில் 0.8 வோல்ட் என்றால் கம்பி, பிளக், ஜாக் எல்லாவற்றின் மின்தடையும் சேர்ந்து 1.6 ஓமுக்குள் அடங்க வேண்டும்.

புதிய டிசி பின் ஒன்றின் தொடுமுனைத் தடை மில்லி ஓம் கணக்கில்தான் இருக்கும். அரிப்பு ஏறினால் ஓம் கணக்குக்கு உயரும். அப்படி இரண்டு ஓம் ஏறிய ஜாக்கில் அரை ஆம்பியர் ஓடினால் இழப்பு முழு ஒரு வோல்ட். ஆனால் சார்ஜ் விளக்கு இழுப்பது சில மில்லி ஆம்பியர்தான். அதற்கு அதே இரண்டு ஓமில் ஏற்படும் இழப்பு ஒரு வோல்ட்டில் நூறில் ஒரு பங்கு. விளக்கு பளிச்சென்று எரியும், பேட்டரி பாதி வயிற்றோடு கிடக்கும். ஈய-அமில பேட்டரி பாதிச் சார்ஜில் நாள்கணக்கில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படிந்து, கொள்ளளவே குறைந்துவிடும். புதுப் பேட்டரிகளும் சில மாதங்களில் செத்ததற்கு இதுதான் காரணம். பட்டறைக்காரர் சந்தேகித்தது சரி.

கடையில் பார்த்தது

ஜாக் ஏன் கெட்டது என்பதைப் பட்டறையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. மார்க்கெட்டுக்குப் போனோம்.

முதலில் பார்த்த கடையில் அடாப்டர் கம்பியை வாழைநாரால் மேசைக் காலோடு இழுத்துக் கட்டியிருந்தார்கள். பூக்கட்டும் இடத்தில் கைக்கெட்டும் கயிறு அதுதானே. பிளக் ஜாக்கில் ஒருபுறமாகச் சாய்ந்து நின்றது. கடைக்கார அக்கா தயங்காமல் விளக்கினார்: “நேராக விட்டால் விளக்கு அணைந்துவிடும். இந்தப் பக்கம் இழுத்துக் கட்டினால்தான் நிற்கிறது.”

அந்தப் பிளக்கைக் கழற்றி, பட்டறையில் 2.5 மி.மீ. ஊசி உள்ள ஜாக் ஒன்றில் செருகிப் பார்த்தோம். தடையில்லாமல் உள்ளே போனது. 2.1 துளை உள்ள பிளக் 2.5 ஊசியில் ஏறவே ஏறாது. ஆக, அது 2.5 பிளக். பழைய அடாப்டர் கெட்டபோது ‘அதே பின்’ என்று கேட்டு வாங்கிய மாற்று அடாப்டர் அது. வெளி விட்டம் இரண்டிலும் ஒன்றே, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 2.5 பிளக்கை 2.1 ஊசியில் செருகினால் அது தாராளமாக நுழையும், தொட்டும் தொடாமலும் நிற்கும். சாய்த்துக் கட்டினால் தொடும். சாய்ந்தே இருக்கும் பிளக், ஜாக்கின் உள்ளிருக்கும் வில் (ஸ்பிரிங்) தகட்டை ஒரு பக்கமாக நெளித்துவிடும். பிறகு சரியான பிளக்கைப் போட்டாலும் இறுக்கம் திரும்பாது.

கழற்றிய ஜாக் ஒன்றைக் கைலென்ஸில் பார்த்தேன். நடு ஊசியின் நுனியில் கரும்புள்ளிகள்: ஓட்டம் நிற்கும்போதெல்லாம் எழுந்த சிறு தீப்பொறியின் தடம். ஊசியின் அடிப்பக்கம் நிக்கல் பூச்சு உரிந்து, உள்ளிருந்த பித்தளை பச்சை பூத்திருந்தது. வெளித் தகட்டில் அந்தப் பச்சை அநேகமாக இல்லை. இது முக்கியமான தடயம். வெறும் ஈரக்காற்றில் துரு ஏறியிருந்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்திருக்கும். மின்னோட்டம் இருக்கும்போது தண்ணீர் புகுந்தால் பிளஸ் பக்கத்து உலோகம்தான் கரைந்து வெளியேறும். பூவுக்குத் தெளித்த தண்ணீர், சார்ஜில் இருக்கும் தராசின் முதுகு வழியாக இறங்கியிருக்கிறது என்பதற்கு அந்த ஊசியே சாட்சி.

மூன்றாவது சிக்கல் கம்பி. சுவர் பிளக்கிலிருந்து தராசு வரை அடாப்டர் கம்பி எட்டாததால், பலர் நடுவே வெட்டி மெல்லிய கம்பி சேர்த்து நீட்டியிருந்தார்கள். 0.14 சதுர மி.மீ. கம்பிக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.13 ஓம். ஐந்து மீட்டர் நீட்டினால் போக வர பத்து மீட்டர், 1.3 ஓம். அரை ஆம்பியரில் 0.65 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். நம் கையிருப்பே 0.8 வோல்ட்தான்.

அந்த ஓட்டையில் வேறு என்னவெல்லாம் நுழையும்

இந்த ஆய்வில் நான் அதிகம் கவலைப்பட்டது இதைப் பற்றித்தான். அரிப்பும் தளர்வும் மெதுவாகக் கொல்பவை. தவறான அடாப்டர் ஒரே இரவில் கொன்றுவிடும்.

5.5-க்கு 2.1 உருளைப் பின் எந்த வோல்ட்டேஜையும் குறிப்பதில்லை. அளவு ஒன்றாக இருக்கும். 5 வோல்ட்டும் வரும், 9-உம் 12-உம் 24-உம் வரும். மார்க்கெட்டைச் சுற்றிப் பார்த்தால் வைஃபை ரூட்டருக்கு 12 வோல்ட், கண்காணிப்பு கேமராவுக்கு 12 வோல்ட், எல்ஈடி பட்டை விளக்குக்கு 12 வோல்ட், எல்லாம் இதே பின்னில். தராசு அடாப்டர் மழையில் கெட்டால் பக்கத்துக் கடையில் இரவல் கேட்பது இயல்பு. செருகினால் நுழைகிறது, விளக்கும் எரிகிறது. தவறு என்று அவருக்குச் சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை.

9 வோல்ட்டில் ரெகுலேட்டர் உதற வேண்டிய வெப்பம் பேட்டரி 7.2-ஐ நெருங்கும்போது ஏறக்குறைய 0.9 வாட். 12 வோல்ட்டில் அது 2.4 வாட். சிறு தகட்டில் ஒட்டியிருக்கும் ரெகுலேட்டர், மூடிய பெட்டிக்குள் இரவு முழுவதும் அந்தச் சூட்டில் கிடக்கும். பட்டறைக்கு வந்தவற்றில் சில தராசுகளில் அந்த இடத்துச் சுற்றுப் பலகை பழுப்பேறி இருந்தது.

துருவமும் உண்டு, அதாவது எது பிளஸ், எது மைனஸ் என்பது. இந்தத் தராசுக்கு நடு ஊசி பிளஸ். பெரும்பாலான கருவிகள் அப்படித்தான். ஆனால் கிட்டார் எஃபெக்ட் பெடல்களின் 9 வோல்ட் அடாப்டர்களும் சில பழைய கீபோர்டு அடாப்டர்களும் நடு மைனஸாக வருபவை. அதே 9 வோல்ட், அதே பின், தலைகீழ் மின்சாரம். அடாப்டர் மீது அச்சிட்ட சிறு வட்டக் குறியை அதிகாலை இருட்டில் யார் படிப்பார்கள்?

ஆகவே இணைப்பானைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்பது அது எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதை அல்ல. அரை ஆம்பியரை எல்லாமே தாங்கும். இந்த மேசையிலிருந்து கையெட்டும் தூரத்தில் இதில் நுழையக்கூடிய வேறு பிளக் எது, நுழைந்தால் என்ன ஆகும் என்பதுதான் முதல் கேள்வி.

எதை எடுத்தோம், எதை விட்டோம்

முதலில் ஒரு கட்டுப்பாட்டைச் சொல்ல வேண்டும். வியாபாரத் தராசை நினைத்தபடி திறந்து மாற்றியமைக்க முடியாது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் மாடலுக்கு ஒப்புதல் வேண்டும், பழுது பார்ப்பவருக்கு உரிமம் வேண்டும், எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வேண்டும். முத்திரையை உடைத்தால் மறுபடி சரிபார்த்து முத்திரையிட்ட பிறகுதான் வியாபாரத்துக்கு எடுக்கலாம். இந்த விதியை நான் மதிக்கிறேன். வாங்குகிறவருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு அதுதான். எனவே உள்சுற்றைத் தொடாமல் வெளியே தீர்வு காண வேண்டியிருந்தது.

ஜப்பானியர்கள் இந்தக் குழப்பத்துக்கு அழகான விடை ஒன்றை யோசித்திருந்தார்கள். ஜப்பான் மின்னணுத் தொழில் சங்கம் வகுத்த இஐஏஜே வகையில் வோல்ட்டேஜ் மாறினால் பின்னின் அளவும் மாறும். 6.3 முதல் 10.5 வோல்ட் வரை ஓர் அளவு, அதற்கு மேல் 13.5 வரை வேறு அளவு. தவறானது நுழையவே நுழையாது. மனதுக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஆனால் நம் 9 வோல்ட்டுக்கு உரிய அளவான வெளியே 4.75, உள்ளே 1.7 மி.மீ. என்பதற்கு மிக நெருங்கிய பின்னிலேயே 18.5 வோல்ட் மடிக்கணினி சார்ஜர்களும் வந்திருக்கின்றன. ஒழுங்கு குலைந்துவிட்டது. மேலும் மாற்று அடாப்டர் அவசரத்துக்கு உள்ளூரில் கிடைக்காது.

திருகிப் பூட்டும் உருளை ஜாக் தளர்வைத் தீர்க்கும். ஆனால் அதில் சாதாரணப் பிளக்கும் நுழையும், ரூட்டர் அடாப்டர் உட்பட. காந்த இணைப்பானில் முனைகள் வெளியே திறந்து கிடக்கும். ஈர மேசைக்கு ஆகாது. பொம்மை விமானக்காரர்கள் பயன்படுத்தும் எக்ஸ்டி60 இணைப்பான் ஈரக் கையால் பிடுங்க முடியாத இறுக்கம். 230 வோல்ட் கம்பியை நேராகத் தராசுக்கே கொண்டுபோகலாம் என்று ஒருவர் சொன்னார். தண்ணீர் தெளிக்கும் மேசைக்கு அது கூடவே கூடாது.

நெடுநேரம் யோசித்தது யுஎஸ்பி-சி பற்றி. தராசுக்கு வெளியே, வாலாகத் தொங்கும் ஒரு சிறு பெட்டியில் யுஎஸ்பி-சி ஜாக்கும் பிடி (பவர் டெலிவரி) ட்ரிகர் பலகையும் வைத்தால், அது சார்ஜரிடம் 9 வோல்ட் கேட்டு வாங்கும். 15 வாட்டுக்கு மேல் தரும் பிடி சார்ஜர்கள் 9 வோல்ட்டும் தர வேண்டும் என்பது அந்தத் தரத்தின் விதி. தவறான சார்ஜரைச் செருகினாலும் 5 வோல்ட்தான் வரும். தராசில் சார்ஜ் ஏறாது, ஆனால் எரியவும் எரியாது. தவறு செய்தாலும் சேதமில்லை என்ற இந்தக் குணம் எனக்கு மிகவும் முக்கியம். வீட்டுக்குள்ளோ அலுவலகத்திலோ வைக்கும் புதுக் கருவி ஒன்றைச் செய்கிறவர் என்னிடம் கேட்டால் யுஎஸ்பி-சி என்றே சொல்வேன். ஒரே எச்சரிக்கை: சார்ஜரும் கருவியும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும் இரண்டு சிசி முனைகளுக்கும் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் இருபுறமும் சி முனை உள்ள கேபிளில் மின்சாரமே வராது. இரண்டுக்கும் ஒரே ரெசிஸ்டரைப் பகிர்ந்து வைத்ததால்தான் 2019-இல் வந்த ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியின் முதல் பலகைகள் சில கேபிள்களோடு வேலை செய்யவில்லை.

பூ மார்க்கெட்டுக்கு அதைத் தேர்ந்தெடுக்காததற்கு இரண்டு காரணங்கள். 24 தொடுமுனைகள் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நெருங்கியிருக்கும் ஜாக்கில் தண்ணீரும் மகரந்தமும் சேர்ந்தால் அரிப்பு விரைவில் வரும். அடுத்தது மனித இயல்பு: தராசுக்கென்று வைத்த சார்ஜரில் கைபேசி ஏறிக்கொண்டிருக்கும், காலையில் தராசு வெறுமையாக இருக்கும்.

முடிவாக எடுத்தது ஜிஎக்ஸ்12 என்ற இரண்டு முனை உலோக இணைப்பான். கடைகளில் ஏவியேஷன் கனெக்டர் என்று கேட்டால் தருவார்கள். இது திருகு வளையத்தால் பூட்டிக்கொள்ளும். உள்ளே காடி (ஒரே திசையில் பொருந்தும் பள்ளம்) இருப்பதால் தலைகீழாக நுழையாது. இரண்டு முனைகளும் தடித்த ஊசிகள். மார்க்கெட்டில் வேறு எந்த அடாப்டரும் இதில் சேராது. இது முழு நீர்ப்புகா இணைப்பான் அல்ல என்பதை மறைக்காமல் கடைக்காரர்களிடம் சொல்லிவிட்டோம். அதனால் அதை எங்கே வைக்கிறோம் என்பதில் கவனம் செலுத்தினோம்.

தராசின் ஜாக்கிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு 0.5 சதுர மி.மீ. கம்பியில் ஒரு வால். அதன் ஒரு முனையில் சரியான 2.1 பிளக், எல் வடிவத்தில். அது தராசை விட்டுக் கழல்வதே இல்லை. கேபிள் டையால் உடலோடு இறுக்கி, வாயைச் சுற்றி சிலிகான் கிரீஸ் தடவியிருக்கிறோம். மறுமுனையில் ஜிஎக்ஸ்12-இன் ஊசிப் பாகம். அடாப்டர் கம்பியின் முனையில் அதன் துளைப் பாகம். மின்சாரம் வரும் பக்கத்தில் எப்போதும் துளைதான் இருக்க வேண்டும். ஊசி இருந்தால் ஈரத் தட்டிலோ கத்தரிக்கோலிலோ பட்டு ஷார்ட் ஆகும். இணைப்பு மேசைப் பலகைக்கு அடியில் தொங்குகிறது. கம்பி அதற்குக் கீழே ஒரு வளைவாக இறங்கி ஏறுவதால் வழியும் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், இணைப்பானுக்குள் ஏறாது. நீட்டிய மெல்லிய கம்பிகளை எல்லாம் எடுத்துவிட்டு ஐந்து மீட்டருக்கும் 0.5 சதுர மி.மீ. கம்பியே போட்டோம்: 0.35 ஓம், இழப்பு 0.2 வோல்ட்டுக்குள்.

வாலில் ஒரு ஷாட்கி டயோடு (இழப்பு குறைந்த டயோடு வகை) சேர்த்தால் துருவம் மாறினாலும் காப்பாற்றும் என்று பட்டறைக்காரர் கேட்டார். அது 0.35 வோல்ட் தின்னும். காடி இருப்பதால் கடையில் துருவம் மாற வழியில்லை. மாறக்கூடியது சால்டர் வைக்கும் மேசையில் மட்டும். அங்கே ஒவ்வொரு வாலையும் மீட்டரில் பார்த்தே வெளியே அனுப்புவது என்று வைத்துக்கொண்டோம். டயோடு வேண்டாம் என்பது என் தீர்ப்பு.

ஏற்கெனவே கெட்ட ஜாக்குகளை ஆண்டு முத்திரைக்குத் திறக்கும்போது பட்டறைக்காரரே மாற்றுகிறார். பலகையில் சால்டர் வைத்த ஜாக்கில் இழுவை முழுவதும் சால்டர் புள்ளிகளில்தான் விழும். அதற்குப் பதிலாக உடலில் நட்டு போட்டு இறுக்கும் ஜாக்கைப் போடுகிறார். அதில் மூன்று கால்கள் இருக்கும். ஒன்று நடு ஊசி, ஒன்று வெளித் தகடு, மூன்றாவது பிளக் நுழைந்ததும் வெளித் தகட்டிலிருந்து துண்டித்துக்கொள்ளும் சுவிட்ச். அவசரத்தில் மைனஸ் கம்பியை மூன்றாவது காலில் வைத்துவிட்டால், பிளக் செருகாத வரை மீட்டர் சரியென்று காட்டும், செருகியதும் தொடர்பு அறும். அதனால் பிளக்கைச் செருகிய நிலையிலேயே சோதிக்க வேண்டும்.

வால் போட்ட தராசுகளில், சார்ஜ் ஓடும்போது பழைய ஜாக்கின் உட்பக்கத்தில் 8.7 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது. வாழைநார்க் கட்டு வைத்திருந்த அக்காவின் தராசு முதலில் மாற்றியவற்றில் ஒன்று. அவருக்கு வளையத்தைத் திருகுவது முதலில் எரிச்சலாக இருந்தது. பூவும் நீரும் பட்ட விரலில் அது வழுக்கியது. வளையத்தின் மேல் சிறு ரப்பர் குழாய் மாட்டிக் கொடுத்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

இன்னும் முடியாத பகுதி வண்டித் தராசு. கிராமத்து ஓரங்களில் நின்று விவசாயியிடம் நேரடியாகப் பூ வாங்கும் சிலர், சரக்கு ஆட்டோவின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து முதலைக் கிளிப் வழியாக நேரே தராசுக்குச் சார்ஜ் கொடுக்கிறார்கள். எஞ்சின் ஓடும்போது அந்தப் பேட்டரியில் 14 வோல்ட்டும் இருக்கும். இவர்களுக்கு 9 வோல்ட்டாக இறக்கும் பக் கன்வெர்ட்டரும் அதன் வெளியே ஜிஎக்ஸ்12 துளைப் பாகமும் கொடுத்தோம். உள்ளே வரும் பக்கத்துக்குச் சிகரெட் லைட்டர் பிளக் போட்டுப் பார்த்தோம். மண்சாலைக் குலுங்கலில் அது வெளியே நழுவியது. இப்போது பேட்டரி முனையில் வளைய லக் (திருகில் மாட்டி இறுக்கும் வளையம்) போட்டு, முனைக்குப் பக்கத்திலேயே 2 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து ஓட்டுகிறோம். கன்வெர்ட்டர் பெட்டியை இருக்கைக்கு அடியில் வைப்பதா, ஆட்டோவின் சரக்குத் தொட்டியின் பக்கச் சுவரிலா என்பதை மழைக்காலம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.